புதுப்பிப்பு: ஒருபக்க முகத்துடிப்புக்கு ஊசி போட்டபின் கண்ணைக் காப்பது

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தானாகத் துடிப்பதற்கான போட்டுலினம் (தசையைத் தளர்த்தும் மருந்து) ஊசி பற்றி முன்பு எழுதியபோது, கண் பராமரிப்பை விட்டுவிட்டேன். அது பெரிய குறை.

ஊசி போட்டு 3 முதல் 7 நாளில் துடிப்பு தளரும். பலன் சுமார் 3 மாதம் நிற்கும். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை மருந்து தடுப்பதால், துடிப்போடு இமையை மூடும் வலுவும் குறைகிறது. சிக்கலே இங்கேதான். இமை சரியாக மூடாமல் தூங்கினால் கருவிழி காய்ந்து புண்ணாகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. அடிக்கடி விட வேண்டியிருந்தால் பதனப்பொருள் கலக்காததே நல்லது. இரவில் கண் களிம்பு போட்டு, இமையை மெல்லிய மருத்துவ டேப்பால் மூடி ஒட்டுங்கள். பஞ்சை நேராகக் கண்மேல் வைக்காதீர்கள். டேப் நழுவி இமை திறந்தால் பஞ்சு கருவிழியில் உரசும். கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், மருந்து பரவி மேலிமை தொங்கலாம். தொங்கினாலும் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

கன்னத்தில் போட்ட ஊசியால் வாய் கோணினால், எந்த இடத்தில் எத்தனை யூனிட் போட்டார்கள் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த முறை கன்னத்து அளவைக் குறைக்க அந்தக் குறிப்புதான் உதவும்.

இன்னொன்று: இந்தத் துடிப்பு தூக்கத்திலும் தொடரலாம். பெரும்பாலும் மூளைத்தண்டருகே ஒரு ரத்தக்குழாய் முகநரம்பை அழுத்துவதே காரணம். ‘எல்லாம் மனப்பதற்றம்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.