ஆடுகள் போன பிறகு எங்கள் மணல் மேடு

மேய்ச்சல் நின்ற நிலத்தில் என்ன முளைத்தது என்று கேட்டிருந்தீர்கள். அத்திப்பட்டு பக்கம் எங்கள் ஆயா வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் மணல் மேடு இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதில் வெள்ளாடு மேயும். 2020இல் மாமா ஆடுகளை விற்றுவிட்டார், வேலியையும் அடைத்தோம்.

முதல் மழைக்குப் புல்லும் துத்தியும்தான் வந்தன. இவ்வளவுதானா என்று இருந்தது. ஆடு தொடாத எருக்கும் ஆடாதொடையும் முன்பு போலவே நின்றன.

அடுத்த மழைக்குத்தான் விஷயம் புரிந்தது. முழங்கால் உயரத்தில் மெத்தை மாதிரி படர்ந்து கிடந்த காரை என்ற முட்புதரை இளஞ்செடி என்றே நினைத்திருந்தேன். மண்ணைக் கிளறினால் அடியில் என் மணிக்கட்டுப் பருமனுக்கு வேர்க்கட்டை! ஆடு கடிக்கக் கடிக்கத் துளிர்த்து, மேலே வர வழியில்லாமல் எத்தனை வருடம் கிடந்ததோ. கார்த்திகைக்குள் நெஞ்சு உயரம் வந்துவிட்டது. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்துபோனது.

அப்புறம் முட்சங்கு. "இந்த முள்ளுத் தூறை ஜேசிபி விட்டுத் தள்ளிட்டு நல்ல மரமா நடுங்க" என்று ஊரில் சொல்லாதவர் இல்லை. ஆயாதான் விடவில்லை. ஒரு தூறைக் கம்பால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரச் சருகு, நடுவில் ஒரு வேப்பங்கன்று, ஒட்டினாற்போல் இரண்டு களா நாற்று. கொண்டைக்குருவிகள் உட்கார்ந்து எச்சமிடும் இடம் அது. முள்ளுக்குள் விழுந்த விதைக்கு நிழலும் உண்டு, காவலும் உண்டு. அதைத் தள்ளியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

சீமைக்கருவேலத்தை மட்டும் சும்மா விட முடியாது. காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில்தான் அதன் விதை நிறையப் பரவும். புது வரத்து குறைந்தாலும் ஏற்கெனவே நின்றது போகுமா? முதலில் அரிவாளால் வெட்டினேன், ஒரு கட்டைக்கு ஐந்தாறு கிளை வெடித்தது. இப்போது ஐப்பசியில் மண் இளகியதும் கடப்பாரை போட்டு, கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுக்கிறேன்.

*

பதில், எண்ணூரிலிருந்து:

அண்ணா, கோடையில் பத்திரம். மேய்ச்சல் நின்றால் புல் இடுப்பளவு நின்று காயும். எங்கள் இடத்தில் பங்குனியில் யாரோ போட்ட பீடியில் பற்றிக்கொண்டது. காரை வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது, களா நாற்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்னும் அந்த மூலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தை முடிவதற்குள் வேலியை ஒட்டி ஆறடி அகலத்துக்குப் புல்லை அறுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள்.