கூரை திறக்கிற காரும் உள்ளே வருகிற சத்தமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கீழவாசல்காரன்
வண்டி பிஎம்டபிள்யூ இசட்4, மடங்கும் கூரை, ஆறு சிலிண்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூரை மூடி இருக்கும்போது 2,000 ஆர்பிஎம் தொட்டால் உள்ளே ஒரு "ங்ங்ங்" வரும். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். எனக்குப் பழகிவிட்டது. ஆராதனை சமயம் பெரியப்பாவைத் திருவையாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் சட்டைப்பையில் கையை விட்டார். சீவல் எடுக்கிறார் என்று நினைத்தேன். வெறும் டப்பா. காது மெஷினைக் கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்து, டப்பாவுக்குள் வைத்து மூடினார். "எறங்குனதும் மாட்டிக்கிறேன்டா" என்றார். பஞ்சரத்னம் கேட்கப் போகிற மனுஷர். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

தரை, டிக்கி முழுக்க அதிர்வைத் தணிக்கிற டேம்பிங் ஷீட் ஒட்டினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். ஒட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மன்னை வயல்
ஒட்டியவன் நான். என்னுடையது துணிக்கூரை போட்ட மஹிந்திரா தார் ஜீப். தரை மேட்டிங்கைப் பிரித்து, ஷீட் போட்டு, மேலே கனமான ஃபெல்ட்டும் விரித்துக் கொடுத்தார்கள். தட்டினால் "டங்" என்று கேட்ட தரை "டொப்" என்றது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. துணி வழியாக வருகிற சத்தத்தைத் தரையில் ஒட்டுகிற ஷீட் என்ன செய்யும்? அப்புறம் ஐப்பசி அடைமழை. தண்ணீர் எங்கிருந்து இறங்கியதோ தெரியவில்லை, காலை வைத்தால் மேட் பிசுக் பிசுக் என்றது. தரையில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் மேலேயும் சேர்த்து ஷீட்டை ஒட்டியிருக்கிறார்கள் புண்ணியவான்கள். நாற்றம் தாங்காமல் மேட்டைத் தூக்கினால், பின்சீட்டுக்கு அடியில் ஃபெல்ட்டின் மேல் வெளுப்பாக, விரல் நீளத்துக்கு நாற்று. விதை மூட்டை ஏற்றியபோது சிந்திய சிஆர் 1009 நெல். வயலில்கூட அவ்வளவு சீராக முளைக்கவில்லை. வீட்டில் இன்னமும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

குடமுருட்டி
சைலன்சர் பக்கம் "கிரிகிரி" என்றது. பட்டறையில் காட்டினேன். அடியில் சூட்டைத் தடுக்கிற தகடு ஒன்று லூஸ், தேவையில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். சத்தம் நின்றது உண்மைதான். அறுப்பு நேரம், பாபநாசம் பக்கம் உள்ரோட்டில் வைக்கோல் காயப் போட்டிருந்தார்கள். தாழ்வான வண்டி, ஏறித்தான் போக வேண்டும். கொஞ்ச தூரத்தில் அடுப்பு வாசனை. கண்ணாடியில் பார்த்தால் புகை. புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பயங்கரமாகச் சூடாகும், அதைச் சுற்றி வைக்கோல் சிக்கிப் பற்றிக்கொண்டிருந்தது. களத்திலிருந்து ஒரு அம்மா குடத்தோடு ஓடி வந்து அடியில் ஊற்றினார். இரண்டாவது குடமும் அவரே. அணைந்ததும், ரோட்டோரம் கிடந்த அவருடைய நெல்லுக்குள் தண்ணீர் ஓடியதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு அர்ச்சனை. ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. தகடு ஆடினால் கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், கழற்ற விடாதீர்கள்.

டெசிபல்
மன்னை வயல் சொல்வது தாருக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. 2009 முதல் 2016 வரை வந்த இசட்4-இல் மடங்குவது உலோகக் கூரை. முன்பு வந்ததும் 2018-க்குப் பின் வந்ததும்தான் துணி. கீழவாசல்காரன் எந்த வருஷ மாடல் என்று சொல்லவில்லை, உலோகக் கூரை என்றே வைத்துக்கொள்கிறேன்.

என் கதை பெரிதாக இல்லை. நண்பர் வண்டியில் கல்லணை வரை போனேன், தலைவலியோடு திரும்பினேன். ஆனால் ஷீட் வாங்குவதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காலியான ரோட்டில் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் ஒன்று இறக்குங்கள். சத்தத்தின் சுருதி ஏறினால் இன்ஜின், சைலன்சர் பக்கம். அப்படியே இருந்தால் டயர், ரோடு, காற்று. நல்ல தார் ரோட்டிலிருந்து கப்பி பெயர்ந்த ரோட்டுக்கு இறங்கும்போது கூடினால் சந்தேகமே வேண்டாம், டயர்தான். ரெண்டு சீட்டு வண்டியில் பின்சக்கரம் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது, மறக்க வேண்டாம்.

ஆறு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. 2,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். டேம்பிங் ஷீட் தகடு அதிர்வதைத் தணிக்கும். காற்றில் வருகிற இந்த அடிக்குரலை நிறுத்தாது. அதற்கு சைலன்சர் குழாயில் ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் வைத்து வெல்டிங் செய்வார்கள், அலை நீளத்தில் கால் பங்கு. சாதாரணக் காற்றில் 100 ஹெர்ட்ஸுக்கு 85 செ.மீ. சுமார். புகை சூடானது, அதில் ஒலி இன்னும் வேகம், ஆகவே குழாயும் இன்னும் நீளம். நம் ஊர் வெல்டிங் பட்டறையில் உத்தேசமாக வெட்டினால் வேலை செய்யாது. முதலில் சைலன்சரைத் தாங்குகிற ரப்பர்களையும் கேஸ்கெட்டில் கசிவையும் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். கூரை ஓரத்து ரப்பர் பீடிங்குக்கு சிலிகான் கிரீஸ். வாஸ்லின், தேங்காயெண்ணெய் எல்லாம் வேண்டாம், ரப்பர் ஊறி உப்பிவிடும். ரன்-ஃப்ளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுவது) என்றால் அதன் பக்கச்சுவர் விறைப்பு, அதை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

மன்னை வயல்
ஐயா, நான் பொருந்தும் என்று எங்கே சொன்னேன்? நாற்று முளைத்தது என்றுதான் சொன்னேன்.

நாகைக் காத்து
டெசிபல் சொன்ன டயர் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். ரன்-ஃப்ளாட்டைக் கழற்றி சாதா டயர் போட்டேன். உள்ளே பேச்சு கேட்டது, பாட்டு கேட்டது, எல்லாம் சரி. வேதாரண்யத்திலிருந்து ராத்திரி திரும்பும்போது, இரண்டு பக்கமும் உப்பளம், பாலத்துக்கு முன்னால் பள்ளத்தில் இறங்கி பக்கச்சுவர் கிழிந்தது. இந்த வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, வைக்க இடமும் கிடையாது. உப்பு லாரிக்காரர் நிறுத்தி, வண்டியைச் சுற்றி வந்து, "ஸ்டெப்னி எங்க சார்?" என்றார். இல்லை என்றேன். "இவ்வளவு காசு குடுத்துமா?" என்றார். வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து நாகப்பட்டினம் வந்தேன்.

அதனால் டயர் மாற்றுகிறவர்கள் டிக்கியில் பம்பும் பஞ்சர் அடைக்கிற திரவமும் வைத்துக்கொள்ளுங்கள். ஆணி குத்தினால் அது போதும். பக்கச்சுவர் கிழிந்தால் லாரிதான்.