மூஸ் வேட்டைக்கு உள்காட்டில் வில் மட்டும் போதுமா?

வடபுலத்தான்:

நான் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருப்பவன். இந்தச் செப்டம்பரில் நண்பர் ஒருவரும் நானும் மிதவை விமானத்தில் ஓர் ஆற்றின் தலைப்பகுதிக்குப் போய் இறங்கி, காற்றடைத்த படகில் பத்து நாள் கீழ்நோக்கி வந்தபடியே மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடினோம். ஆற்றின் பெயரைக் கேட்காதீர்கள். இந்த ஊரில் வாங்கிய கடனைக்கூட வெளியே சொல்வார்கள், மூஸ் இறங்கும் ஆற்றைச் சொல்லமாட்டார்கள். இருவரிடமும் வில் மட்டுமே இருந்தது. கரடியை எண்ணி ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தோம்.

ஒன்பதாம் நாள் விடியலில், பெண் மூஸின் நீண்ட முனகலைப் போலக் குரல்கொடுத்து, ஆண் மூஸ் கொம்பை உரசும் ஒலி வரும்படி காய்ந்த தோள்பட்டை எலும்பால் புதர்களை உரசியபடி காத்திருந்தபோது, ஐம்பது அங்குலத்துக்குக் குறையாத கொம்போடு ஓர் ஆண் மூஸ் வந்து 25 கெஜத்தில் நின்றது. நெஞ்சை நேராகக் காட்டி நின்றதே ஒழிய, பக்கவாட்டில் திரும்பவில்லை. நாணை முழுவதும் இழுத்துப் பிடித்தபடி கை நடுங்கும்வரை நின்றேன். காற்று திசைமாறியது, அது புதருக்குள் போய்விட்டது. வெறுங்கையோடு வீடு திரும்பினோம். துப்பாக்கி இருந்திருந்தால் ஓராண்டுக்கான இறைச்சி அன்று காலையிலேயே கிடைத்திருக்கும் என்று நண்பர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்காட்டுக்கு வில்லை மட்டும் எடுத்துச் செல்வது சரிதானா என்ற ஐயம் இப்போது எனக்கே வந்துவிட்டது.

முல்லைநிலம்:

வடபுலத்தான் அவர்களுக்கு வணக்கம். அம்பை விடாமல் நின்றீர்களே, அதை முதலில் மதிக்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு என் விடை, சரியில்லை என்பதே. நான் வேட்டைக்கு எதிரானவன் அல்லன். எழுநூறு கிலோ எடைவரை வளரும் ஒரு விலங்கைக் கொன்று உண்பதென்று முடிவுசெய்தபின், நம்மிடமுள்ள கருவிகளில் எது விரைவாகவும் உறுதியாகவும் கொல்லுமோ அதை எடுப்பதுதான் அந்த விலங்குக்கு நாம் பட்ட கடன். கட்டையில் துப்பாக்கியை ஊன்றி நிதானமாகச் சுடக்கூடிய ஒருவர், அதை வீட்டில் வைத்துவிட்டு, நடுங்கும் கையோடு நாண் இழுக்கும் வழியைத் தாமாகவே தேர்ந்தெடுத்தால், அதனால் கூடும் ஆபத்தைச் சுமப்பது அவரல்லர், மூஸ். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் காட்டு விலங்குகளை வில்லாலும் குறுக்குவில்லாலும் கொல்வதைத் தடைசெய்திருக்கிறது. அங்கே மான் வேட்டை இன்றும் நடக்கிறது, துப்பாக்கியால்.

ஆற்றோரம்:

முல்லைநிலம் ஐயாவின் கணக்கில் ஒரு தூரம் விடுபட்டிருக்கிறது: விலங்கு விழுந்த இடத்துக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள தூரம். இருபது ஆண்டுகளாக இந்த வேட்டைக்குப் போய்வருகிறேன். விலங்கைக் கொல்வது இதில் மிகச் சிறிய வேலை.

1,600 பவுண்டு எடையுள்ள ஓர் ஆண் மூஸிலிருந்து ஏறத்தாழ 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கு மேல், தனி இறைச்சி கிடைக்கும். எலும்பை நீக்கி முதுகுக்கு 65 பவுண்டு வீதம் சுமந்தாலும் எட்டு நடை. ஒரே ஆள், ஆறு ஒரு மைலில் என்றால், போகவர பதினைந்து மைல். அதுவும் காலை வைத்தால் சாய்ந்துகொடுக்கும் புல்மேடுகளுக்கும் முழங்கால் சேற்றுக்கும் நடுவே. சில வேட்டைப் பகுதிகளில் அக்டோபர் 1க்கு முன் கால்களின் இறைச்சியை எலும்போடுதான் வெளியே கொண்டுவர வேண்டும் என்று சட்டம் இருப்பதால், எடையைக் குறைக்கவும் வழியில்லை. பெரிய விலங்கின் ஒரு பின்தொடை மட்டுமே எலும்போடு நூறு பவுண்டைத் தாண்டும். கழுத்து, நெஞ்சு, விலா, முதுகுத்தண்டை ஒட்டிய சதை, நான்கு கால்கள் என எதையும் விட்டுவிட்டு வரமுடியாது. விட்டால் சிறைவரை போகலாம். இறைச்சி முழுவதும் வெளியே வருவதற்கு முன் கொம்பை எடுத்துச் செல்வதும் குற்றம்.

துப்பாக்கிக்காரருக்குச் சதுப்பின் மறுகரையில் நிற்கும் விலங்கு கைக்கெட்டியதாகத் தோன்றும். சுட்டும் விடுவார், அதன்பின்தான் நடந்து பார்ப்பார். வில்லாளியோ ஆற்றங்கரைப் புதரில் உட்கார்ந்து, விலங்கைத் தன்னிடம் அழைக்கிறார். வராவிட்டால் வேட்டை இல்லை. இறைச்சி வீணாகாமல் இருப்பதும் அந்த விலங்குக்கு நாம் பட்ட கடனில் சேரும் என்றால், வில்லே அந்தக் கடனை அடைக்கிறது. 1992 ஜூனில் கிறிஸ் மெக்கண்டில்ஸ் என்ற இளைஞர் அலாஸ்காவின் டெனாலி மலைக்கு வடக்கே சிறிய துப்பாக்கியால் ஒரு மூஸைச் சுட்டு வீழ்த்தினார். வீழ்த்துவதில் அவருக்குத் தடை ஏதும் இருக்கவில்லை, ஆனால் அந்த இறைச்சியில் பெரும்பகுதி புழுத்துப்போனது.

முல்லைநிலம்:

ஆற்றோரம் ஐயா சொன்ன சுமைக்கணக்கை முழுவதும் ஏற்கிறேன். அது எனக்குப் புதிது. ஆனால் அது ஆற்றிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் கொல்லலாம் என்பதற்கான விதியே தவிர, வில்லுக்கான வாதம் ஆகாது. துப்பாக்கி வைத்திருப்பவரும் அதே புதரில் உட்கார்ந்து, அதே குரலைக் கொடுத்து, அதே 25 கெஜத்தில் சுடலாமே. நேராக நெஞ்சைக் காட்டி நின்ற அந்த மூஸ் அப்போது ஆற்றங்கரையிலேயே விழுந்திருக்கும். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாதவர் வலுக்குறைந்த கருவியை எடுத்துக்கொண்டு அதைக் கட்டுப்பாடு என்று அழைப்பது எனக்கு விளங்கவில்லை.

ஆநிரை மருத்துவர்:

கால்நடை மருத்துவம் படித்தவள், கனடாவில் சில காலம் வேட்டையும் ஆடியவள் என்ற முறையில் இரண்டு தரப்பிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குமுன் ஒரு சொல்: இந்த விலங்கைக் கடமான் என்று எழுதுவோர் உண்டு. கடமான் என்பது நம் மலைக்காடுகளின் மிளா. மூஸ் மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது. மூஸ் என்றே எழுதுவோம்.

அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. அகன்ற அலகுள்ள முனை நுரையீரலையும் பெருங்குழாய்களையும் அறுக்கிறது; குருதி இழப்பாலும் நுரையீரல் சுருங்குவதாலும் விலங்கு விழுகிறது. இரு நுரையீரலும் அறுபட்ட மூஸ் பெரும்பாலும் ஓடுவதுகூட இல்லை. சில அடி நடந்து, நின்று, என்ன நடந்தது என்றே அறியாததுபோல் சாய்ந்துவிடும். மூளையிலோ தண்டுவடத்திலோ படாத குண்டும் ஏறத்தாழ இதே வழியில்தான் கொல்கிறது என்பதால், துப்பாக்கி என்றாலே உடனடிச் சாவு என்று முல்லைநிலம் ஐயா எண்ணினால் அது சரியன்று. ஆனால் அம்புக்குப் பிழை பொறுக்கும் இடம் மிகக் குறைவு. நேர்முகமாக நிற்கும் விலங்கில் தோள்மூட்டுகளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளி தவறினால் எலும்பில் தட்டி நிற்கும். பக்கவாட்டில் நிற்கும் விலங்கில் பின்புறம் விலகினால் வயிற்றில் பாயும், அப்போது மணிக்கணக்கில் காத்திருந்து பிறகுதான் தேடத் தொடங்க முடியும். நொடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 40 கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்துவைத்தால் போதும், நுரையீரலுக்குக் குறிவைத்தது குடலில் பாய்ந்துவிடும். மூஸுக்கு 50 பவுண்டு இழுவிசைக்குக் குறையாத வில்லும் 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) எடைக்குக் குறையாத அம்பும் வேண்டும் என்று அலாஸ்கா விதி சொல்கிறது. அது குறைந்தபட்ச அளவு, போதிய அளவு என்று யாரும் படித்துவிடக் கூடாது. வடபுலத்தான் அம்பு விடாதது கோழைத்தனம் அன்று, கணக்கு.

இப்போது ஆற்றோரம் அண்ணனிடம் ஒரு கேள்வி. இருபது ஆண்டுகளில் அம்பு பட்டும் கிடைக்காமல் போனவை எத்தனை?

ஆற்றோரம்:

ஒன்று. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

என் நான்காவது பருவம். மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. 45 கெஜம் இருக்கும், பக்கவாட்டில்தான் நின்றது. நாண் விடும் நொடியில் அது முன்னே நகர்ந்தது. அம்பு எங்கே பட்டது என்பதை ஒலியிலேயே அறிந்துகொண்டேன். இரவு முழுவதும் காத்திருந்தேன். விடியுமுன் மழை பிடித்துக் குருதித்தடம் அழிந்துவிட்டது. இரண்டு நாள் கட்டம் கட்டமாகத் தேடினோம். மூன்றாம் நாள் காகங்கள் காட்டிய இடத்துக்குப் போனபோது, பழுப்புக் கரடி ஒன்று மண்ணையும் பாசியையும் இழுத்துப்போட்டு மூடி, அதன்மேல் படுத்திருந்தது. அதோடு அந்த ஆண்டு வேட்டையை முடித்துக்கொண்டேன். சட்டத்துக்கு அது தேவையா என்று நான் பார்க்கவில்லை. என் வேட்டைச் சீட்டுக்குரிய மூஸ் செத்துவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து 30 கெஜத்துக்கு அப்பால் நாணைத் தொட்டதில்லை. முல்லைநிலம் ஐயா இதைத் தம் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அன்று துப்பாக்கி இருந்திருந்தால் அந்த விலங்கு அங்கேயே விழுந்திருக்கும் என்பதை நான் மறுக்கப்போவதில்லை.

வடபுலத்தான்:

அண்ணன் இதைச் சொன்னபிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது; ஆனாலும் வில்லைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். நான் வில் கற்றதே இந்த ஊர்ச் சட்டத்தால்தான். ஃபேர்பேங்க்ஸைச் சுற்றியுள்ள மேலாண்மைப் பகுதியில், வீடுகளுக்கு நடுவே மூஸ் திரிவதால், வில்லால் மட்டுமே வேட்டையாட இசைவு உண்டு. அதற்கும் தகுதிச் சான்று வேண்டும். ஆக, வில் என்பது வேடிக்கைக்காரர்களின் கண்டுபிடிப்பு மட்டுமன்று. இரண்டாவது, இன்றைய அமெரிக்க வில்வேட்டையின் வேர். 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகருக்கருகே, யாஹி என்னும் பழங்குடி மக்களில் எஞ்சிய ஒரே மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தார். இஷி என்று அழைக்கப்பட்ட அவரிடம் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில் செய்யவும் எய்யவும் கற்றார். இன்றைய வில்லாளிகள் பலரும் தம் கலையை அந்த ஆசிரியரிடமிருந்தே தொடங்கிச் சொல்கிறார்கள். அருகில் போகாமல் கொல்லக் கூடாது என்பதை நான் அந்த மரபிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

முல்லைநிலம்:

இஷிக்கு வில் இருந்தது. வேறு கருவி இருக்கவில்லை. அவர் உண்பதற்காக எய்தார். அவரிடம் கற்ற போப்பின் பெயரையும் அவருடைய வேட்டைத்தோழர் ஆர்தர் யங்கின் பெயரையும் சேர்த்து 1961இல் தொடங்கிய சங்கமோ, கொம்பை அளந்து புள்ளி போட்டு, அலாஸ்கா-யூகான் மூஸ் 170 புள்ளியை எட்டினால்தான் ஏட்டில் ஏற்றுகிறது. ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது அவர் எதை அளந்தார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நகர்ப்புறத்துக்கு வில் என்பது நியாயமான ஏற்பாடு. குண்டு தொலைவு போகும், அங்கே மக்கள் இருக்கிறார்கள். நீங்கள் போன ஆற்றில் அடுத்த வீடு எத்தனை மைலில் இருந்தது?

வேறொன்றும் உறுத்துகிறது. விமானத்தில் வந்திறங்குபவர்களின் மூஸும், கீழ்க்கரையில் கொயுகோன் என்னும் அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள் குளிர்காலத்துக்கு நம்பியிருக்கும் மூஸும் வெவ்வேறு அல்ல. கொயுகுக் ஆற்றின் கட்டுப்பாட்டுப் பகுதியில் மூஸ் வேட்டைக்கு விமானத்தையே பயன்படுத்தக் கூடாது என்று விதி செய்திருப்பது தற்செயல் அன்று. காயப்பட்டுக் காணாமல் போகும் ஒவ்வொரு விலங்கும் யாரோ ஒருவர் வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து போகிறது.

ஆநிரை மருத்துவர்:

ஐயாவின் கடைசிக் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உள்காட்டில் துப்பாக்கியாளர் செய்யும் ஒரு பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பகுதிகளில் கொம்பின் அகலம் 50 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது ஒரு பக்கத்தில் நெற்றிக்கிளைகள் (கொம்பின் அடியில் முன்னோக்கி நீளும் முனைகள்) பகுதிக்கேற்ப மூன்றோ நான்கோ இருக்க வேண்டும். நடுவயது ஆண்கள் பிழைத்து இனம்பெருக்கட்டும் என்பதற்காக வைத்த விதி அது. மூஸின் இரு கண்களுக்கு இடையே சுமார் 10 அங்குலம் என்ற அளவை வைத்து ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். தொலைவிலிருந்து, அரைவெளிச்சத்தில், 47 அங்குலம் 50ஆகத் தெரிந்து, சுட்டபின் நாடாவைப் பிடித்து அழுதவர்களை எனக்குத் தெரியும். 25 கெஜத்தில் கிளைகளை விரல்விட்டு எண்ணலாம்.

வடபுலத்தான்:

அடுத்த வீடு எழுபது மைலுக்குக் குறையாது. முல்லைநிலம் ஐயாவின் அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நண்பரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அடுத்த செப்டம்பரில் ஒருவர் வில்லும் மற்றவர் துப்பாக்கியும் வைத்திருப்போம். ஆற்றிலிருந்து அரை மைலுக்கு அப்பால் எந்த விலங்கையும் தொடுவதில்லை. 30 கெஜத்துக்குள், பக்கவாட்டில் நின்றால் மட்டும் அம்பு. அம்பு பட்டும் விழாமல் நகர்ந்தால், கூட இருப்பவர் கேட்காமலே சுடலாம்.

முல்லைநிலம்:

நேர்முகமாக நின்றால்?

வடபுலத்தான்:

நண்பர் சுடுவார். ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

முல்லைநிலம்:

அப்படியானால் அந்த வில் எதற்கு என்று மீண்டும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் மூஸின் பக்கமிருந்து பார்த்தால் இதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆற்றோரம்:

தம்பி, ஆயுதத்தைப் பற்றி இத்தனை பேசிவிட்டோம், ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் போன படகு எத்தனை அடி?

வடபுலத்தான்:

பன்னிரண்டு அடி, அண்ணா. விமானத்தில் எடை குறைவாக இருக்கட்டும் என்று வாடகைக்கு எடுத்தோம்.

ஆற்றோரம்:

பன்னிரண்டு அடிப் படகில் இரண்டு ஆளும், பத்து நாள் கூடாரமும், ஒரு முழு மூஸும் ஏறாது. செப்டம்பர் கடைசியில் மேலாற்றில் நீர் வற்றினால் ஒவ்வொரு மணல்திட்டிலும் இறங்கி இழுப்பீர்கள். அன்று அது பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தால் உங்கள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. வில்லா துப்பாக்கியா என்பதைப் பிறகு பார்க்கலாம்; முதலில் படகை மாற்றுங்கள்.