மறு: டேப் விசையைத் தட்டினால் கிடைப்பதற்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

முனையத்தில் பாதிக் கட்டளையை அடித்து டேப் விசையைத் தட்டினால், ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) மீதியை முடித்துத் தருகிறதே, ஆங்கிலத்தில் ‘completion’ எனப்படும் அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று இழையில் வந்த பரிந்துரைகளுக்கு என் கருத்துகளைக் கீழே எழுதியிருக்கிறேன். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘தானியங்கு நிறைவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

கைபேசி விசைப்பலகைக்கு அது பொருந்தும். அங்கே நாம் கேளாமலே சொல் வந்து நிற்கிறது. ஷெல்லில் பாதிக் கட்டளையை அடித்து டேப் விசையைத் தட்டினால்தான் மீதி வரும். தட்டாதவரை அது வாய் திறக்காது. ஃபிஷ் என்னும் ஷெல் வகையிலோ, நாம் அடிக்க அடிக்கவே பழைய கட்டளை ஒன்று சாம்பல் நிறத்தில் தோன்றும். தானாக நடப்பது அதுதான். அதே ஃபிஷ்ஷில் டேப் விசைக்குக் கிடைப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அதன் கையேட்டை மொழிபெயர்க்க முடியாது. சாம்பல் வரியை ‘முன்மொழிவு’ என்று சொல்லிவிடலாம்.

> ‘நிரப்பல்’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் உலாவி நம் பெயரையும் முகவரியையும் படிவத்தில் இடுகிறதே, அந்த வேலைக்கு அது மிகச் சரியான சொல். அங்கேயே இருக்கட்டும்.

இதற்கு விடை நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது என்பது என் எண்ணம். ‘வந்த’ என்று நிறுத்தினால் எச்சம். ‘பையன்’ வந்து அதை முடிக்கிறான். எச்சம் கொண்டு முடிவதை ‘முடிபு’ என்பது இலக்கண வழக்கு. நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவிக்கு ‘கிட் செ’ என்று அடித்து நிறுத்துவதும் அப்படித்தான். அது ‘செக்அவுட்’ என்று முடியலாம், ‘செர்ரி-பிக்’ என்றும் முடியலாம். அடித்த பாதியை ‘எச்சம்’ என்போம். ‘முடிபு’ என்றே எழுத எனக்கு ஆசைதான், ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் அதைப் பிழையென்று கருதி ‘முடிவு’ ஆக்கிவிடுவார். மேலும், இங்கே முடித்துத் தருவது ஷெல். ஆகவே ‘முடிப்பு’.

> முடிப்பு என்றால் பணமுடிப்பு நினைவுக்கு வருகிறது. எச்சம் என்றால் காக்கை.

வரட்டுமே. நிதியளிப்பு விழா மேடையையும் முனையத்தையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

இனி, உண்மையில் நான் எழுத வந்தது. நாம் மொழிபெயர்க்கும் கையேடு முடிப்பை விரைவாக்குவது பற்றியது. அதற்கு ஒற்றைச் சொல் போதாது. எங்கே தாமதமாகிறது என்பதைச் சொல்லும் சொற்கள் வேண்டும்.

முதலில் ‘திறப்புத் தாமதம்’, ‘தட்டல் தாமதம்’ என்று இரண்டாகப் பிரிக்கலாம். புதிய முனையம் திறக்கும்போது காத்திருப்பது முன்னது, டேப் விசையைத் தட்டியபின் காத்திருப்பது பின்னது. முதலில் திறப்புத் தாமதம். குபர்னெட்டீஸின் (பல கணினிகளில் செயலிகளை ஓட்டி மேலாளும் அமைப்பு) க்யூப்-சிடிஎல் போன்ற கருவிகள், ‘என் முடிப்பு நிரலை இந்தக் கட்டளை அச்சிடும், அதை உங்கள் பேஷ் (பரவலாகப் புழங்கும் ஒரு ஷெல்) தொடக்கக் கோப்பில் படிக்கச் செய்யுங்கள்’ என்கின்றன. அந்த ஒரு வரியைச் சேர்த்தால், முனையம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருவி ஒருமுறை ஓடும். அது அச்சிடும் நீண்ட நிரலை பேஷ் படித்தாகவேண்டும். அன்று அந்தக் கருவியைத் தொடவே மாட்டோம் என்றாலும் இதே கதைதான். இப்படி ஐந்தாறு கருவிகள் சேர்ந்தால் முனையம் திறக்கவே முனகும்.

இதற்கு மருந்து பேஷிலேயே இருக்கிறது. நிரல் எழுதி முடிப்பை வகுக்கும் வசதி 2000-இல் வெளிவந்த 2.04 பதிப்பில் வந்தது. பின்னர் 4.1 பதிப்பில், முடிப்பு விதி இல்லாத கட்டளைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு செயல்கூற்றை, அதாவது அழைத்தால் ஓடும் சிறு நிரல்துண்டை, பதிய வழி செய்தார்கள். அந்தச் செயல்கூறு உரிய கோப்பைத் தேடி ஏற்றிவிட்டு 124 என்ற எண்ணைத் திருப்பித் தந்தால், பேஷ் முடிப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே, முதல் தட்டலில்தான் கோப்பு ஏறுகிறது. இதைச் ‘சோம்பல் ஏற்றம்’ என்று எழுதியவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். இதில் யாரும் சோம்பியிருக்கவில்லை. ‘வேண்டும்போது ஏற்றல்’ போதும். இன்னொரு ஷெல்லான இசட்-ஷெல் வேறு வழியில் போகிறது: முடிப்புக் கோப்புகளின் அட்டவணையைத் திரட்டி ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே படிக்கிறது.

தட்டல் தாமதம்தான் பொல்லாதது. தொட்டவுடன் நடந்ததாகத் தோன்ற 100 மில்லிநொடிக்குள் பதில் வரவேண்டும் என்பது இடைமுக வடிவமைப்பில் பழைய கணக்கு. அதற்குள் எச்சத்துக்கு ஏற்ற சொற்கள் எங்கிருந்தோ வந்தாகவேண்டும். அவை நிரலிலேயே எழுதப்பட்டிருந்தால் ‘பட்டியல் முடிப்பு’. கருவியையே ஓடவிட்டுக் கேட்டு வாங்கினால் ‘வினவு முடிப்பு’. வேகத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

கோ என்னும் நிரல்மொழியில் கோப்ரா நூலகம் கொண்டு எழுதிய கருவிகளில் மறைவான துணைக்கட்டளை ஒன்று உண்டு. தட்டும்போதெல்லாம் ஷெல் அதை அழைக்கும். கோ நிரல் சட்டென்று தொடங்குவதால் அது உறுத்தாது. பைத்தானில் ஆர்க்கம்ப்ளீட் நூலகமும் கருவியையே ஓட்டுகிறது. தொகுதிகளையெல்லாம் கோப்பின் தலையிலேயே இறக்குமதி செய்திருந்தால், ஒரு சொல்லுக்காக அத்தனையும் ஏறி முடியும்வரை விரல் காத்திருக்கும். முடிப்பு அழைப்பை முன்னே வைத்து, பெரிய இறக்குமதிகளைப் பின்னே தள்ளினால் பாதிச் சிக்கல் தீரும்.

கிட் செய்வது எனக்குப் பிடித்த வழி. ஒரு துணைக்கட்டளையின் விருப்பங்கள் (அதனோடு சேர்த்துத் தரும் ‘--’ வகைச் சொற்கள்) எவை என்று அந்தத் துணைக்கட்டளையிடமே ஒருமுறை கேட்டு, விடையை ஷெல் மாறியில் வைத்துக்கொள்கிறது. அந்த அமர்வில் இரண்டாம் முறை கேட்பதில்லை. அதாவது வினவு முடிப்பு பட்டியல் முடிப்பாகிவிடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை ‘தானியங்கு நிறைவு’ வைத்து எழுதிப் பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிச் சேமிக்க முடியாது. விருப்பங்கள் கருவியின் பதிப்பு மாறினால்தான் மாறும். கிட் கிளைகளின் பெயர்களோ நாம் வேலை செய்யும்போதே மாறுகின்றன. க்யூப்-சிடிஎல் கேட்கும் பாட் (குபர்னெட்டீஸில் செயலி ஓடும் சிற்றலகு) பெயர்கள் வலையமைப்பைத் தாண்டி ஒரு சேவையகத்திலிருந்து வரவேண்டியவை. அழிந்த பாட்டின் பெயரை விரைவாகக் காட்டி என்ன பயன்? இத்தகைய சேமிப்புக்கு ‘பழம்பட்டியல்’ என்று பெயர் வைக்கலாமா என்று யோசித்தேன். ‘காலாவதியான பட்டியல்’ என்றாலே எல்லாருக்கும் புரிகிறது, விட்டுவிட்டேன்.

டேப் விசையா, தத்தல் விசையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. விசையில் அச்சிட்டிருப்பதை வைத்துத் தேடுபவர்களே அதிகம் என்பதால் இந்தக் கையேட்டில் ‘டேப்’ இருக்கட்டும். மறுப்பு இல்லையென்றால் முதலில் பிழைச் செய்திகளில் மாற்றிவிடுகிறேன். ‘வினவு முடிப்பு’ என்பதைவிடக் குட்டையாக ஏதாவது தோன்றினால் அதற்கு முன் எழுதுங்கள். அந்தச் செய்திகளுக்கு ஒரு வரிதான் இடம்.