குப்ரஸ் ஆக்சைடு படலத்தில் 43.3 டிகிரி முகடு

கேள்வி:
எஃப்டிஓ கண்ணாடி (மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி) மீது மின்படிவு முறையில் (கரைசலில் மின்சாரம் செலுத்திப் படியவைப்பது) குப்ரஸ் ஆக்சைடு வளர்க்கிறேன். காப்பர் சல்பேட், லாக்டிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 9. கரைசல் 60 டிகிரி செல்சியஸ். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) 36.4, 42.3 டிகிரி கோணங்களில் குப்ரஸ் ஆக்சைடு முகடுகள் சரியாக வருகின்றன. கூடவே 43.3-இல் சின்ன முகடு. காற்றில் 350 டிகிரி செல்சியஸில் சுட்டால் போய்விடுமா?

பதில்:
அது உலோகச் செம்பு, தம்பி. மின்னழுத்தம் எதிர்மறைப் பக்கம் அதிகம் போனால் செம்பு அயனி ஆக்சைடோடு நிற்காமல் எலக்ட்ரான்களைப் பெற்று உலோகம் வரை ஒடுங்கிவிடும். எத்தனை வோல்ட் வைக்கிறீர்கள்?

தயவுசெய்து காற்றில் சுடாதீர்கள்! செம்போடு சேர்ந்து நல்ல படலமும் குப்ரிக் ஆக்சைடாகிக் கறுத்துவிடும். 2.1 எலக்ட்ரான் வோல்ட் பட்டை இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) 1.4 பக்கம் இறங்கிவிடும். சூரிய மின்கலத்துக்கு என்றால் அந்த 2.1-தானே நமக்குச் சொத்து.

42.3 ஓங்கியிருந்தால் அது இயல்பு; பிஎச் 9-இல் (100) என்ற படிகத் திசைதான் தூக்கலாக வளரும். (111) வேண்டுமென்றால் பிஎச் 12-க்குப் போங்கள்.

இன்னொரு பதில்:
ராமன் நிறமாலையும் (லேசர் ஒளிச் சிதறலை வைத்துப் பொருளை அறியும் சோதனை) எடுங்கள். 298 செ.மீ⁻¹-இல் முகடு வந்தால் குப்ரிக், 218-இல் வந்தால் குப்ரஸ். லேசர் திறனைக் குறைத்தே வையுங்கள், அந்தச் சூடே படலத்தை மாற்றிவிடும். அப்புறம், வெறும் கண்ணாடியையும் ஒருமுறை எக்ஸ்ஆர்டியில் ஓட்டுங்கள், 37.8-இல் வருவது எஃப்டிஓவின் முகடு.

கேட்டவர்:
நன்றி அண்ணா. வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை ஒப்பீடாக வைத்து –0.6 வோல்ட். –0.4-இல் புதிதாக ஒன்று வளர்த்துவிட்டு வருகிறேன்.