சபா மேடையில் பரதநாட்டியத்தைப் படமெடுக்க கிட் லென்ஸ் போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வரும் தை மாதத்தில் ஒரு சபாவில் முழு மார்க்கமும் (கச்சேரியின் உருப்படிகள் அனைத்தையும் வரிசையாக) ஆடவிருக்கிறாள். என்னிடம் இருப்பவை கிராப் சென்சார் (சிறிய அளவு ஒளியுணரி) கொண்ட பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும்தான். அவளுடைய நடனப் பள்ளி நிகழ்ச்சியில் ஆட்டோ முறையில் எடுத்த படங்களில் கைகால்கள் கலங்கித் தெரிகின்றன. முகமோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. ஆடுகிறவர் கண்ணில் ஒளி அடிப்பதை நானும் விரும்பவில்லை. முக்காலியில் வைத்து எடுத்தால் கலங்கல் நின்றுவிடும் என்கிறார் அவளுடைய அப்பா. அது சரியா? புதிய லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா, இருப்பதைக் கொண்டே எடுக்க வழியுண்டா?

முதல் மறுமொழி

வணக்கம் அம்மா. முக்காலி உங்கள் கை நடுக்கத்தை நிறுத்தும். ஆடுகிறவரின் அசைவை நிறுத்தாது. லென்ஸில் இருக்கும் அதிர்வுக் குறைப்பு வசதிக்கும் இதே எல்லைதான். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் மகளின் கை நகர்ந்துவிடுவதால்தான் படம் கலங்குகிறது. ஆகவே ஷட்டர் வேகத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமையுங்கள். பதம் போன்ற, முகபாவம் மிகுந்த அபிநய உருப்படிகளுக்கு 1/125 நொடி பெரும்பாலும் போதும். வர்ணத்தின் ஜதிகளுக்கும் (தாளச் சொற்கட்டுகளுக்கு ஆடும் பகுதிகள்) தில்லானாவுக்கும் 1/250 ஆவது வேண்டும். குதித்து ஆடும் அடவுகளுக்கு (அடிப்படை ஆட்ட அசைவுகள்) 1/500 வைத்தால்தான் பாதம் தெளிவாக வரும்.

கேமராவை மேனுவல் முறைக்கு மாற்றி, 1/250 வேகமும், லென்ஸ் தரும் மிக அகலமான அப்பர்ச்சரும் (ஒளி நுழையும் திறப்பு; உங்கள் லென்ஸில் 55 மி.மீ. நிலையில் எஃப்/5.6), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200உம் வைத்துத் தொடங்குங்கள். மேடை இருண்டிருந்தால் 6400 வரை போகத் தயங்க வேண்டாம். ஐஎஸ்ஓ கூடும்போது வரும் புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம். அசைவினால் கலங்கிய கண்ணைத் திருத்த வழியில்லை. புள்ளிகளுக்கு அஞ்சி 1600இல் இருட்டாக எடுத்துப் பிறகு வெளிச்சத்தைக் கூட்டினால், அதே புள்ளிகள் நிழற்பகுதிகளில் கூடுதலாகவே தெரியக்கூடும்.

முகம் வெளுத்ததற்குக் காரணம் வேறு. மேடையின் பின்புறத்தில் கறுப்புத் திரை நிறைந்திருப்பதால், காட்சி முழுவதையும் சராசரியாக அளக்கும் ஆட்டோ முறை அதைப் போதிய ஒளியில்லாத இடமென்று கருதி ஒளியைக் கூட்டிவிடுகிறது. விளக்கின் நேர்க்கீழே நிற்கும் முகம் அதில் பாதிக்கப்படுகிறது. மேனுவலில் இந்தத் தொல்லை இல்லை. முதல் உருப்படியின் தொடக்கத்திலேயே சில படங்கள் எடுத்து, கேமராவின் திரையில் பெரிதாக்கி, கன்னத்திலும் நெற்றியிலும் தோலின் நிறம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தலைசாமானும் ஒட்டியாணமும் ஆங்காங்கே வெண்மையாக மின்னினால் மின்னட்டும், அதற்காக முகத்தை இருட்டாக்க வேண்டாம். சிவப்பு விளக்குகள் வரும்போது மட்டும் கவனம் தேவை: பொது ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) சரியாகக் காட்டினாலும் சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்து, பட்டின் மடிப்புகள் மறைந்துவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒளியை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறையுங்கள். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப்படமாக) எடுத்தால் விளக்குகளின் நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ள முடியும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் லென்ஸ் பற்றிய கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்கவோ, ஒருநாள் வாடகைக்கு எடுக்கவோ முடிந்தால் தயங்காமல் செய்யுங்கள். எஃப்/5.6 உடன் ஒப்பிட்டால் அது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. 3200 தேவைப்பட்ட இடத்தில் 400 போதுமானதாகிவிடும். பெரும்பாலான கேமரா நிறுவனங்களின் லென்ஸ் வரிசையில் விலை குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று.

வாங்குவதற்கு முன் நீங்கள் உட்காரப்போகும் இடத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் சென்சாரில் இந்த லென்ஸ், எட்டு மீட்டர் தொலைவிலிருந்து படுக்கைவாக்கில் எடுத்தால், ஏறத்தாழ 3.7 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட பரப்பைக் காட்டும். ஒருவர் அரைமண்டியில் (முட்டிகளை வெளிப்புறம் மடக்கிய பாதி அமர்வு நிலை) கைகளை முழுவதும் நீட்டி நின்றாலும் அதற்குள் அடங்குவார். பதினைந்து மீட்டருக்குப் பின்னால் போனால் அவர் படச் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துவிடுவார். அங்கிருந்து எடுப்பதானால் இந்த லென்ஸ் பயன்படாது. அகலத் திறப்பில் முகம் தெளிவாகவும் நீட்டிய கை மங்கலாகவும் வரும் என்று அஞ்சுவோர் உண்டு. மூன்று மீட்டரில் அந்த அச்சம் நியாயமானது, ஏனெனில் அங்கே தெளிவின் ஆழம் (கூர்மையாகத் தெரியும் முன்பின் தூரம்) கால் மீட்டர் அளவுதான். எட்டு மீட்டரில் அது ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும்.

மூன்றாம் மறுமொழி

நான் நடனம் கற்பிக்கிறவள். படமெடுப்பவர்களைப் பல ஆண்டுகளாக மேடையிலிருந்து பார்த்துவருகிறேன். சகோதரி, உங்களிடம் வேறு எந்தப் படப்பிடிப்பாளரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: உங்கள் மகளின் உருப்படிகள் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஜதியும் தீர்மானத்தில் (ஜதியை நிறைவு செய்யும் பகுதியில்) முடிகிறது. அது முடியும் தாளத் தட்டில் உடல் ஒரு கணம் அசையாமல் நிற்கும். கண்ணும் கையும் ஒரே திசையில் சேர்ந்திருப்பதும் அப்போதுதான். நட்டுவாங்கத்தை (தாளமிட்டு ஜதி சொல்வதை) காதால் பின்தொடர்ந்து, அந்தத் தட்டுக்குச் சற்று முன்னரே விரலை அழுத்தத் தயாராக இருந்தால், 1/125இல்கூடக் கூர்மையான படம் கிடைக்கும். ஒத்திகைக்குக் கேமராவுடன் சென்று இதைப் பழகுங்கள்.

அரைமண்டியைப் படமெடுக்கும்போது பாதங்களை வெட்டிவிடாதீர்கள். பாதம் இல்லாத படத்தில் முட்டியின் விரிவும் உடலின் சமநிலையும் புரிவதில்லை. அத்தகைய படத்தை எந்த ஆசிரியரும் தம் மாணவியின் நல்ல படமாக ஏற்கமாட்டார். முதல் வரிசையில் அமர்ந்தால் மேடை விளிம்பும் ஒலிபெருக்கிகளும் பாதத்தை மறைக்கும்; ஐந்தாறு வரிசை பின்னால், நடைபாதை ஓரத்து இருக்கையே நல்லது. குவியத்துக்கு உதவக் கேமராவின் முன்புறம் எரியும் சிறு விளக்கையும், பீப் ஒலியையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இருட்டிலிருந்து திடீரென வரும் அந்த ஒளி அபிநயத்தின் நடுவே இருப்பவரை மிகவும் தொந்தரவு செய்யும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒத்திகையில் 1/250 வைத்து எடுத்துப் பார்த்தேன்; கைகள் தெளிவாக வந்திருக்கின்றன. ஆனால் சில படங்களில் குறுக்காகக் கருமையான பட்டைகள் தெரிகின்றன. கேமரா பழுதாகிவிட்டதா?

முதல் மறுமொழி எழுதியவர்

பழுது இல்லை அம்மா. நம் நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் அதைவிடக் குறுகிய நேரமே திறந்திருக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் பட்டையாகப் பதிகிறது. கேமராவின் மெனுவில் ஃப்ளிக்கர் குறைப்பு வசதி இருந்தால் இயக்குங்கள். விளக்கு உச்சத்தில் ஒளிரும் கணத்துக்காக அது ஷட்டரைச் சற்றே காத்திருக்கச் செய்யும். அந்த வசதி இல்லையென்றால் அபிநயப் பகுதிகளை 1/100இல் எடுங்கள், தீர்மானங்களுக்கு மட்டும் 1/250க்கு மாறி ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். அவற்றுள் பட்டை முகத்தில் விழாத ஒன்றாவது பெரும்பாலும் கிடைத்துவிடும். பட்டை பின்னணியில் உள்ள எல்இடி திரையில் மட்டும் தெரிந்தால், இருக்கையைச் சற்றுப் பக்கவாட்டில் மாற்றி, கறுப்புத் திரைச்சீலை பின்னால் வரும்படி எடுங்கள்.