எக்ஸ்230-இல் கோர்பூட்: ‘வெரிஃபைட்’ என்று வருகிறது, திரை மட்டும் இருட்டு. உதவி தேவை

பிஎம் தம்பி | சனி, இரவு 11:48

வணக்கம். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு வீட்டில் எல்லோரும் தண்ணீர்மலைக்குப் போயிருக்கிறார்கள். நான் ஒரு திங்க்பேட் எக்ஸ்230-ஐப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது என் அக்காவின் பழைய லேப்டாப். கேட்காமல் எடுத்தேன். அவர் திரும்பி வருவதற்குள் இதற்கு உயிர் வர வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியதற்கும் லினக்ஸ் வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை. அதனால்தான் கோர்பூட், அதாவது லேப்டாப்போடு வந்த பயாஸுக்குப் பதிலாக வைக்கும் திறந்த மூல பூட் மென்பொருள். செய்தவை:

பேட்டரி, சார்ஜர் இரண்டையும் கழற்றிவிட்டேன். கைதாங்கும் பலகையைத் தூக்கினால் கறுப்புப் படலத்துக்குக் கீழே பயாஸ் இருக்கும் இரண்டு ஃபிளாஷ் சிப்புகள். தொடுபலகைப் பக்கம் 8 எம்பி, திரைப் பக்கம் 4 எம்பி. சிப்பைப் படிக்கவும் எழுதவும் எட்டுக்கால் க்ளிப், சிஎச்341ஏ புரோகிராமர் (கறுப்பு போர்டு), ஃபிளாஷ்ராம் மென்பொருள். முதல் இரண்டு தடவை படித்தபோது ஹேஷ் (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒத்துவரவில்லை. க்ளிப்பை எடுத்து மறுபடி மாட்டிய பிறகு இரண்டு சிப்பையும் மும்மூன்று தடவை படித்தேன், மூன்றும் ஒரே ஹேஷ். அந்த நகல்கள் பத்திரமாக இருக்கின்றன.

கோர்பூட்டுக்கான கம்பைலர் கிராஸ்ஜிசிசி-யைக் கட்டவே ஒரு மதியம் போனது. தேர்வு மெனுவான மெனுகான்ஃபிக்கில் எக்ஸ்230, சிபிஎஃப்எஸ் (கோர்பூட் தன் கோப்புகளை வைக்கும் பகுதி) அளவு 4 எம்பி, பேலோடு (கோர்பூட் முடிந்ததும் ஓஎஸ்ஸைத் தேடி ஏற்றும் பகுதி) சீபயாஸ். வந்தது 12 எம்பி ரோம் கோப்பு. சிபிஎஃப்எஸ்டூலால் திறந்து பார்த்தேன்: பூட்பிளாக், ரோம்ஸ்டேஜ், ராம்ஸ்டேஜ், பேலோடு எல்லாம் இருக்கின்றன. டிடி கட்டளை கொண்டு அதிலிருந்து 4 எம்பி வெட்டித் திரைப் பக்கச் சிப்பில் எழுதினேன். ‘வெரிஃபைட்’ என்று வந்தது. 8 எம்பி சிப்பைத் தொடவில்லை.

இப்போது பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. பத்து நிமிடம் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை எழுதினேன், அப்போதும் வெரிஃபைட்.

செந்தூல் சோல்டர் | சனி, இரவு 11:59

கறுப்பு சிஎச்341ஏ என்று படித்ததுமே வயிறு கலங்கிவிட்டது தம்பி. அந்த போர்டில் சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்தான், ஆனால் டேட்டா கால்கள் 5 வோல்ட்டில் ஆடும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சிப்போ சிப்செட்டோ போயிருக்கலாம். ராஸ்பெரி பை இருந்தால் அதையே புரோகிராமராக வைத்துக்கொள்ளலாம், அது 3.3 வோல்ட்டை மீறாது. வயரைக் குட்டையாக வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். கோலாலம்பூரில் இருந்தால் ஜாலான் பசாருக்கு நடந்தே போய் நாலு வயர் வாங்கித் தந்துவிடுவேன்.

பழைய இரும்பு | ஞாயிறு, காலை 12:07

எம்இ (இன்டெல் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் மேனேஜ்மென்ட் என்ஜின்) பகுதியை அழித்திருப்பீர்கள். அதை முழுதாக அழித்தால் 30 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். இல்லையென்றால் என்னிடமும் ஒரு எக்ஸ்230 இருக்கிறது, அதன் இரண்டு நகலையும் அனுப்புகிறேன், அப்படியே எழுதிவிடுங்கள். அதுவும் சரிவரவில்லையா, பசார் மாலாமில் (இரவுச் சந்தை) 50 வெள்ளிக்குத் தள்ளிவிட்டு அக்காவுக்குப் புதுசு வாங்கிக்கொடுங்கள்.

பிஎம் தம்பி | ஞாயிறு, காலை 12:15

50 வெள்ளிக்கு அக்கா என்னைத்தான் விற்பார்.

மல்டிமீட்டரில் பார்த்தேன், டேட்டா கால்களில் 5-க்குப் பக்கம் காட்டுகிறது. தெரியாமல் போச்சு. நண்பனிடம் ராஸ்பெரி பை இருக்கிறது, காலையில் வாங்கிக்கொள்கிறேன். எம்இ இருப்பது 8 எம்பி சிப்பில்தானே? அதைத் தொடவே இல்லை.

செந்தூல் சோல்டர் | ஞாயிறு, காலை 12:22

அப்படியானால் எம்இ இல்லை. திரையைச் சந்தேகப்படுவோம். இந்தத் தலைமுறையில் திரையை எழுப்புவது லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட். அது ஏடா மொழியில் எழுதியது. உங்கள் கம்ப்யூட்டரில் ஜிநாட் (ஏடா கம்பைலர்) இல்லாமல் கிராஸ்ஜிசிசி கட்டியிருந்தால் அதைச் சேர்த்திருக்க முடியாது. உள்ளே பூட் ஆகிக்கொண்டிருக்கும், காட்டத்தான் ஆள் இருக்காது. ராமையும் ஒரே ஒரு குச்சி வைத்துப் பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் அக்கா | ஞாயிறு, காலை 7:31

காலையில் இதைத்தான் முதலில் படித்தேன். ஆளுக்கொரு மருந்து சொல்லியாகிவிட்டது, நாடி பிடித்துப் பார்க்கத்தான் ஆளில்லை. 1972-லேயே இன்டெல் வந்து உட்கார்ந்த பினாங்குத் தீவு இது, தெருவுக்கு ஒரு டெஸ்ட் என்ஜினியர் இருப்போம், பக்கத்தில் கேட்டிருக்கலாமே தம்பி!

முதலில் ஒன்று. அடுத்தவருடைய 8 எம்பி நகலை எழுதவே எழுதாதீர்கள். லேன் போர்ட்டின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) அதில்தான் இருக்கிறது. ஒரே முகவரியோடு இரண்டு லேப்டாப் உலாவும். உங்கள் சொந்த நகல் கையில் இருக்கும்போது அது எதற்கு?

இரண்டாவது, ராஸ்பெரி பை வந்ததும் கோர்பூட்டை மறந்துவிட்டு, உங்கள் பழைய 4 எம்பி நகலைத் திருப்பி எழுதுங்கள். லேப்டாப் எழுந்தால் சிப், போர்டு, க்ளிப், ராம் எல்லாமே நல்லது என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். பிறகு சந்தேகப்பட வேண்டியது உங்கள் கோப்பை மட்டும்தான்.

மூன்றாவது, என் கேள்வி. அந்த 12 எம்பி கோப்பிலிருந்து 4 எம்பி வெட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் வெட்டினீர்கள்?

பிஎம் தம்பி | ஞாயிறு, காலை 10:50

அக்கா, பழைய நகலை எழுதினேன். எழுந்துவிட்டது! லோகோ, பிறகு டெபியன் லினக்ஸ், எல்லாம் வந்தது. பாதி உயிர் திரும்பியது.

வெட்டியது: டிடி, பிளாக் அளவு 1 எம்பி, கவுண்ட் 4. அதாவது முதல் 4 எம்பி. தப்பா?

பாயான் லெப்பாஸ் அக்கா | ஞாயிறு, காலை 11:02

அதுதான் விஷயம். தலையை விட்டுவிட்டு வாலைப் பிடித்திருக்கிறீர்கள். இங்கே தலை இருப்பதே கோப்பின் கடைசியில்தான் என்பதால் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது.

சிப்செட்டின் கண்ணுக்கு இரண்டு சிப்பும் சேர்ந்து ஒரே 12 எம்பி ஃபிளாஷ். முதல் 8 எம்பி அந்தப் பெரிய சிப், அடுத்த 4 எம்பி சின்ன சிப். இந்த 12 எம்பியின் கடைசி முனை, ப்ராசஸரின் 4 ஜிபி முகவரி எல்லையோடு ஒட்டியிருக்கும்படி காட்டப்படுகிறது. ப்ராசஸர் கண் விழித்ததும் முதல் கட்டளையைத் தேடிப் போகும் இடம் அந்த எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே. ஆக, உங்கள் சின்ன சிப்பின் கடைசி 16 பைட்தான் லேப்டாப்பின் முதல் மூச்சு. அங்கே ஒரு தாவும் கட்டளை இருக்கும், அது பூட்பிளாக்குக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ராம் இன்னும் எழவில்லை, அதனால் ப்ராசஸரின் கேஷையே தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு வேலை நடக்கும். ரோம்ஸ்டேஜ் வந்துதான் ராமை எழுப்புகிறது. பிறகு ராம்ஸ்டேஜ் மற்ற சாதனங்களைப் பார்த்துக்கொள்கிறது, திரையும் அங்கேதான். கடைசியாகப் பேலோடு.

நீங்கள் டிஸ்கிரிப்டர் (ஃபிளாஷில் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் அட்டவணை), எம்இ எதையும் சேர்க்காமல் கட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் 12 எம்பியில் முதல் 8 எம்பி வெறும் நிரப்பல். அதிலிருந்து நீங்கள் வெட்டி எடுத்த 4 எம்பியும் வெற்றுத் தாள். அதைத்தான் அக்கறையாக இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். ஃபிளாஷ்ராம் பொய் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்தது அப்படியே சிப்பில் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். சிபிஎஃப்எஸ்டூலும் சரியாகத்தான் காட்டியது, ஆனால் நீங்கள் பார்த்தது முழுக் கோப்பை, வெட்டிய துண்டை அல்ல.

வெட்டிய துண்டின் கடைசி 16 பைட்டை ஹெக்ஸ்டம்பில் (பைட்டுகளை அப்படியே காட்டும் கட்டளை) பாருங்கள்.

பிஎம் தம்பி | ஞாயிறு, காலை 11:09

எல்லாம் எஃப்எஃப், அதாவது வெற்று. மேலிருந்து கீழ் வரை எஃப்எஃப். வெட்கமாக இருக்கிறது.

செந்தூல் சோல்டர் | ஞாயிறு, காலை 11:14

வெட்கம் எனக்குத்தான். ஏடா வரைக்கும் போய்விட்டேன், ஏபிசிடி-யைக் கேட்கவில்லை.

கவுண்ட் 4-ஐ எடுத்துவிட்டு ஸ்கிப் 8 போடுங்கள். வரும் துண்டு சரியாக 4 எம்பி இருக்க வேண்டும், கடைசி 16 பைட் ஈ9 (அந்தத் தாவும் கட்டளை) என்று தொடங்க வேண்டும். சிபிஎஃப்எஸ் அளவை 4 எம்பியாக வைத்தது நல்லதாகப் போயிற்று. அதைவிடப் பெரிதாக வைத்திருந்தால் முன்பகுதி 8 எம்பி சிப்புக்குள் வழிந்திருக்கும், அதையும் எழுத வேண்டி வந்திருக்கும்.

முதல் தடவை உடனே பதற வேண்டாம். ராமுக்கான அளவுகளை கோர்பூட் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், கொஞ்ச நேரம் இருட்டாகத்தான் இருக்கும். கண்டுபிடித்ததை ஃபிளாஷிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவையிலிருந்து சுருக்காக வந்துவிடும்.

பிஎம் தம்பி | ஞாயிறு, மதியம் 1:37

சீபயாஸ்!!! திரையில் எழுத்து வந்துவிட்டது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

ஆனால் அதோடு நின்றுவிட்டது. ஹார்ட்டிஸ்க்கிலிருந்து பூட் செய்கிறேன் என்கிறது, பிறகு பூட் செய்யக்கூடிய சாதனம் இல்லை என்கிறது. அதே எஸ்எஸ்டிதான், மூன்று மணி நேரத்துக்கு முன்பு பழைய பயாஸில் டெபியன் வந்ததே? க்ளிப் எடுக்கும்போது எதையாவது உடைத்துவிட்டேனோ?

செந்தூல் சோல்டர் | ஞாயிறு, மதியம் 1:52

எதுவும் உடையவில்லை. டெபியனை யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புது பூட் முறை) முறையில் நிறுவியிருப்பீர்கள். சீபயாஸுக்கு யுஇஎஃப்ஐ தெரியாது. அது டிஸ்கின் முதல் செக்டாரில் பூட் கோடு தேடுகிற பழைய காலத்து ஆள்.

இதில் கோர்பூட்டின் குணமும் கொஞ்சம் இருக்கிறது. 1999-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் இதை லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கியபோது, வன்பொருளை எழுப்பியதும் ஃபிளாஷில் இருக்கும் லினக்ஸையே ஓடவிடுவதுதான் எண்ணம். பிறகு கடைசிக் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆகி, 2008-இல் பெயரும் கோர்பூட் ஆனது. ஓஎஸ்ஸை எப்படித் தேடுவது என்பது கோர்பூட்டின் வேலையே இல்லை, அது பேலோடின் வேலை. உங்களுக்கு வேண்டிய பேலோடை நீங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும்.

இரண்டு வழி. ஒன்று, யுஎஸ்பி லைவில் ஏறி, பயாஸ் வகை கிரப் பூட்லோடரை நிறுவுவது. டிஸ்க் ஜிபிடி பார்டிஷன் முறை என்றால் அதற்கென்று 1 எம்பி பயாஸ் பூட் பார்டிஷன் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் யுஇஎஃப்ஐ தெரிந்த ஈடிகே2 பேலோடோடு மறுபடி கட்டுங்கள். அப்போது திரைத் தேர்வில் எழுத்து முறையை விட்டுவிட்டு லீனியர் ஃபிரேம்பஃபரை எடுங்கள், அமைப்புகளை ஃபிளாஷில் சேமிக்கும் எஸ்எம்எம்ஸ்டோரும் இயங்கட்டும். அது இல்லாவிட்டால் பூட் வரிசை நினைவில் நிற்காது.

பாயான் லெப்பாஸ் அக்கா | ஞாயிறு, மதியம் 2:20

ஈடிகே2 என்று முடிவெடுத்தால் க்ளிப்பைத் தேட வேண்டாம் தம்பி. சீபயாஸில் யுஎஸ்பி லைவ் எழுந்துவிடும். கர்னல் வரியில் ஐஓமெம் ரிலாக்ஸ்டு என்று சேர்த்து பூட் செய்து, ஃபிளாஷ்ராமை இன்டர்னல் முறையில் (லேப்டாப்பின் உள்ளிருந்தே) ஓட்டுங்கள். இந்தத் தடவை வெட்டக் கூடாது! முழு 12 எம்பி கோப்பையும் கொடுங்கள், ஆனால் டிஸ்கிரிப்டரைப் பார்த்து பயாஸ் பகுதியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எம்இ பகுதியை ஹோஸ்ட் படிக்க முடியாது, அதனால் முழுச் சரிபார்ப்பை நிறுத்தும் தேர்வையும் போடுங்கள். பகுதியைச் சொல்லாமல் மொத்தமாக எழுத முயன்றால் அந்த வெற்றுத் தாளை டிஸ்கிரிப்டர் மேலேயே எழுதப் பார்ப்பீர்கள்.

அப்புறம் ஒன்று. டெபியன் தன் பூட்லோடரைத் தன் பெயருள்ள கோப்புறையில்தான் வைக்கும். பழைய பூட் வரிசை பழைய பயாஸோடு போய்விட்டது. ஈடிகே2 மெனுவில் கோப்பிலிருந்து பூட் செய் என்பதை எடுத்து, ஒரு தடவை நீங்களே கைகாட்டிவிட வேண்டியிருக்கும்.

பிஎம் தம்பி | ஞாயிறு, மாலை 6:05

இரண்டுமே நடந்தது. ஈடிகே2 கட்டி உள்ளிருந்தே எழுதினேன். கோப்பைக் கைகாட்டினேன், டெபியன் வந்தது. உள்ளே போனதும் இஎஃப்ஐபூட்மேனேஜரில் வரிசையைப் பதிந்துவிட்டேன், இப்போது தானாகவே வருகிறது. சிபிமெம் கொண்டு பூட் பதிவைப் படித்தேன். ராமைத் தேடுவதிலிருந்து பேலோடுக்குத் தாவுவது வரை ஒவ்வொரு வரியும் இருக்கிறது. இதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன்.

அக்கா எட்டு மணிக்கு வருகிறார். திருகு ஒன்று மிச்சமிருக்கிறது, எங்கே போகும் என்று தெரியவில்லை.

பழைய இரும்பு | ஞாயிறு, மாலை 6:11

மிச்சமில்லாமல் லேப்டாப் மூடியவன் யாரும் இல்லை. விடுங்கள்.

புது ஆள் | செவ்வாய், காலை 9:40

மன்னிக்கவும், இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது எக்ஸ்220. அதற்கும் இதே ஸ்கிப் 8 கணக்குத்தானா?

பாயான் லெப்பாஸ் அக்கா | செவ்வாய், காலை 10:15

இல்லை. எக்ஸ்220-இல் ஒரே ஒரு 8 எம்பி சிப்தான், வெட்டுகிற வேலையே கிடையாது. ஆனால் டிஸ்கிரிப்டரும் எம்இயும் மேக் முகவரியும் அதே சிப்பில்தான் இருக்கின்றன. அவற்றை உங்கள் நகலிலிருந்து பிரித்து எடுத்து இமேஜில் சேர்த்துக் கட்டுங்கள். டி430 வைத்திருப்பவர் யாராவது வந்தால், அதில் எக்ஸ்230 மாதிரியே 8-ம் 4-ம்.